தலையாட்டிய ஊர்

தறிகள் ஓடும்போது நிம்மதியாக உறங்கி, தறிகள் நின்றால் திடுக்கிட்டு எழுந்து உட்காரும் மனிதர்கள் வாழ்ந்த ஊர் ஒற்றைப்பனைப்பாளையம். அங்கே வீடுகளை ஒட்டி முதலாளிகளின் தறிக்குடோன்களும், குடோனுக்கு எட்டுத் தறிகளும் இருந்தன. அவை எழுப்பிய ஓசையில் கோயில் மணியும் பள்ளி மணியும்கூடக் கேட்காது. பெரியவர்கள் பேச்சை விட்டுவிட்டுச் சைகைக்குப் பழகியிருந்தார்கள். கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்தால் இழை அறுந்துவிட்டது என்று பொருள். கன்னத்தில் கை வைத்தால் ஷிப்டு முடிந்தது என்று பொருள். மற்றதையெல்லாம் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். ஒரு தறிக்காரன் இன்னொரு தறிக்காரனிடம் என்ன சொல்லக்கூடும் என்பது இருவருக்குமே முன்பே தெரிந்திருந்ததால் அதில் சிரமம் ஒன்றும் இல்லை. குழந்தை என்ன சொல்லும் என்பது மட்டும் எவருக்கும் முன்பே தெரிவதில்லை. ஆகவே பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் சட்டையைப் பிடித்து இழுத்து எதையாவது சொல்லும்போது, அந்த ஊர்த் தகப்பனும் தாயும் தறியில் விரிந்த பாவு நூலின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டுவார்கள். பிள்ளை திருப்தியோடு போய்விடும். நாளொன்றுக்கு அந்த ஊரில் எத்தனை ஆயிரம் முறை அப்படித் தலைகள் ஆடியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தவர் இல்லை.

ஒரு மாசி மாதத்தில், ஆட்டிய தலைகள் பலிக்கத் தொடங்கின.

முதலில் பலித்தது வேலுச்சாமி வீட்டு மின்விசிறி. "அப்பா, நம்ம பேன் சுத்திச் சுத்தி அலுத்துப் போச்சு, சித்த நேரம் உக்காரோணுமாம்" என்று அவனுடைய மூன்று வயது மகன் சொல்ல, வேலுச்சாமி அறுந்த இழையை முடிந்தபடியே தலையாட்டினான். மதியச் சோற்றுக்கு வீட்டுக்குள் போனபோது மின்விசிறி உத்தரத்திலிருந்து இறங்கிப் பாயில் அமர்ந்து, மூன்று இறக்கைகளையும் நீட்டிப்போட்டுக்கொண்டிருந்தது. வேலுச்சாமியின் மனைவி, அது இருந்த இடத்தைச் சுற்றிக் கூட்டிவிட்டு, விருந்தாளிக்கு வைப்பதுபோல் ஒரு சொம்பில் தண்ணீரும் வைத்தாள். நான்கு மணிக்கு அது மேலே போய்விட்டது. தண்ணீர் பாதி குறைந்திருந்தது என்று அவள் அக்கம்பக்கத்தில் சொன்னாள். நம் வீட்டிலும் உட்கார்ந்தால் துடைக்க வசதியாக இருக்கும் என்று அவர்கள் சொன்னார்கள்.

அடுத்தது, "ஞாயித்துக்கிழமைக்குக் காய்ச்சல், எழுப்பாதீங்கம்மா" என்று ஒரு சிறுமி சொல்ல, அவள் தாய் தலையாட்டியது. அந்த வாரம் சனிக்கிழமை முடிந்ததும் திங்கட்கிழமை விடிந்தது. வாரத்தில் ஒரே ஒரு விடுமுறையை இழந்த ஊர், முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போயிற்று. குடோன் முதலாளிகள் மட்டும் அந்தச் சிறுமிக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள்.

மூன்றாவது முறை சிரிப்பு நின்றது. மாடசாமியின் நான்கு வயது மகன், கிணற்றுக்குத் தாகம் எடுக்கிறது என்று சொல்லித் தகப்பனிடம் தலையாட்டல் வாங்கிப் போனான். கிணறு தன்னிடமிருந்த தண்ணீரையெல்லாம் தானே குடித்துத் தீர்த்தது. அதற்குப் பிறகுதான் ஊர்க்கூட்டம் கூடியது.

மாரியம்மன் கோயில் திடலில் எல்லோரும் அமர்ந்திருந்தபோது, தறி மேஸ்திரி ராயப்பன் எழுந்து, தவறு தலையில் இருக்கிறது, ஆகவே தலையை ஆடாமல் கட்டிவிடுவதே வழி என்றார். எட்டுத் தறி ஓட்டும் நாச்சிமுத்துவின் மனைவி மரகதம், கூட்டத்தின் ஓரத்திலிருந்து எழுந்தாள். அவள் வீட்டில் அமர்ந்து, தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றுகிறவள். குடோனுக்குள் அதிகம் போகாததால் இன்னும் வாயால் பேசுகிற வழக்கம் உள்ளவள்.

"ஏனுங்க, ரெண்டு நிமிசம் தறியை நிறுத்திப்போட்டு, என்ன கண்ணு சொன்னேன்னு கேட்டா ஆகாதுங்களா?"

கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "ஒரு புள்ளைக்கு ரெண்டு நிமிசம்னா, என்ற ஊட்ல மூணு இருக்குதே அம்மிணி! அதுல ரெண்டாவது வாயைத் தொறந்தா மூட மாட்டானே!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நாச்சிமுத்துவும் சிரித்தான். அவன் சிரித்ததை மரகதம் திரும்பிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

அன்பரே, மனிதன் ஒரு நோய்க்கு மருந்து தேடும்போது, எளிய மருந்து எதிரிலேயே இருந்தால் அதை மிதித்துக்கொண்டுதான் போவான். அந்த வாரமே நகரத்து மருந்துக் கடையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கழுத்துப்பட்டைகள் வந்து இறங்கின. எலும்பு தேய்ந்தவர்கள் அணியும் அந்த வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஊரே நிமிர்ந்து நடந்தது. வெளியூரிலிருந்து நூல் கொண்டுவந்த லாரிக்காரர், இந்த ஊர்க்காரர்களுக்கு இத்தனை கர்வம் எப்போது வந்தது என்று கேட்டாராம். பிள்ளைகள் வழக்கம்போல் வந்து சட்டையை இழுத்தார்கள், சொன்னார்கள், நிமிர்ந்து பார்த்தார்கள், தலை ஆடவில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

சிலர் ஆதாயமும் தேடிப் பார்த்தார்கள். ராயப்பன் தன் பேத்திக்கு இரண்டு நாள் பாடம் சொல்லிக் கொடுத்து, "நம்ம ஊட்டுக்கு மாடி வந்துருச்சு" என்று அவள் தகப்பனிடம் சொல்லவைத்தார். தகப்பன் பட்டையைக் கழற்றிவிட்டுக் கழுத்து சுளுக்குமளவுக்கு ஆட்டியும் ஒரு செங்கல்கூட வரவில்லை. குழந்தை தன் மனத்திலிருந்து தானாகச் சொன்னதே பலித்தது; பெரியவர்கள் ஊட்டிய சொல் பெரியவர்களின் சொல்லைப் போலவே வெறுமனே காற்றில் போயிற்று.

நாச்சிமுத்துவுக்கும் மரகதத்துக்கும் ஒரே மகள், ஐந்து வயது, சஷ்டிகா. பேசிக்கொண்டே தூங்கி, விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டே எழுகிறவள். உப்பு ஏன் சர்க்கரை வேசம் போட்டு ஏமாற்றுகிறது என்று கேட்பாள். கண்ணை மூடியவுடனே இருட்டு வந்துவிடுகிறதே, அது இமைக்கு வெளியே வரிசையில் நிற்குமா என்று கேட்பாள். எறும்புகளுக்கு மிஸ் யார், இவ்வளவு ஒழுங்காக வரிசையில் போகின்றனவே என்று கேட்பாள். மரகதம் தார் சுற்றும் ராட்டையை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். "இதை உன்ற அப்பங்கிட்டச் சொல்லு போ" என்று அனுப்புவாள். அவள் ஓடுவாள், சொல்லுவாள், தலையாட்டலை வாங்கிக்கொண்டு வருவாள். "அப்பா என்ன சொன்னாரு?" என்று மரகதம் கேட்டால், "சரின்னாரு" என்பாள். எறும்புக்கு மிஸ் யார் என்ற கேள்விக்குச் சரி என்பது எப்படிப் பதிலாகும் என்று அந்தக் குழந்தை ஒருநாளும் குறைப்பட்டதில்லை.

சித்திரை வெயிலில் கழுத்துப்பட்டைக்குள் பஞ்சுத்தூசியும் வியர்வையும் சேர்ந்து ஊறியது. ஒரு வியாழக்கிழமை பிற்பகல், நாச்சிமுத்து பொறுக்கமாட்டாமல் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஆறாவது தறியில், பாவுக்குக் குறுக்கே நூலை இழுத்தோடும் நாடா சிக்கியது. அதை விடுவித்துக்கொண்டிருந்தபோது சட்டை இழுபட்டது. சஷ்டிகா நின்றிருந்தாள். அவள் தறியைக் காட்டினாள். தன் வாயைத் தொட்டாள். நெடுநேரம் எதையோ சொன்னாள். முடிவில் கேள்விபோல் முகத்தைச் சாய்த்தாள். நாச்சிமுத்துவின் விரல்கள் நாடாவில் இருந்தன. கழுத்து பல ஆண்டுப் பழக்கத்தில் தானாக ஆடியது. அவள் குதித்துக்கொண்டு போனாள்.

அன்று மாலை வீட்டில் அவள் வாயைத் திறந்தபோது ஓசை வரவில்லை.

உதடுகள் அசைந்தன, கைகள் பேசின, கண்கள் விரிந்தன. குரல் மட்டும் இல்லை. மரகதம் முதலில் விளையாட்டென்று நினைத்தாள். பிறகு மிளகும் தேனும் கொடுத்தாள். மறுநாள் நகரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது என்றார் மருத்துவர். திரும்பும் பேருந்தில் அவள் மகளின் வாயை மூடி மூடித் திறந்து பார்த்தபடியே வந்தாள், உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருப்பதுபோல.

வெள்ளிக்கிழமை காலை சுவிட்சைப் போட்டபோது நாச்சிமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. அவனுடைய எட்டுத் தறிகளும் முன்போல் வெறும் இரைச்சலாக இல்லை. ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவில் மெல்லிய குரல் ஒன்று ஓடிற்று. சொல் பிரியவில்லை, ஆனால் நடுநடுவே மூச்சு வாங்கி, சிரித்து, மறுபடி தொடங்குகிற அந்த வேகம் யாருடையது என்பதில் ஐயம் இல்லை. அவன் சுவிட்சை நிறுத்தினான். குரலும் நின்றது. போட்டான். இரைச்சலுக்குள் அது மறுபடி ஓடிற்று, எவருக்கும் விளங்காமல்.

மாலையில் அவன் வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே நின்றான்.

"நான்தான் ஆட்டிப்போட்டேன் மரகதம்."

"எதுக்கு ஆட்டுனீங்க?"

"தெரியலை."

"என்ன சொன்னாள்னு தெரியாமயா?"

மரகதம் அழவில்லை, ஏசவும் இல்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போனவள் தீக்குச்சியைக் கையிலேயே எரியவிட்டுக்கொண்டு நின்றாள்.

ஊர் இதையும் தன் அன்றாடத்தில் சேர்த்துக்கொண்டது. நாச்சிமுத்துவின் தறிகளில் இழை அறுவதே இல்லை என்பதைப் பக்கத்துக் குடோன்காரர்கள் கவனித்தார்கள். குழந்தையின் பேச்சைக் கேட்டுக்கொண்டு தறி சந்தோசமாக ஓடுகிறது என்றார்கள். முதலாளி வந்து தறியின் சட்டத்தில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல வெவரமான புள்ளை, பொறவு பேசிக்கலாம், இப்போதைக்கு ஓடட்டும்" என்றார். தங்கள் பிள்ளைகளையும் தறியோடு பேச அனுப்பினால் என்ன என்று இரண்டொரு வீடுகளில் யோசனை நடந்தது. ஒரு குழந்தையின் குரல் தொலைந்ததைவிட அறாத இழை பெரிதாகத் தெரிந்த அந்த நாட்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது; ஆனால் அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நம்மைப் போன்றவர்கள்தாம்.

ராயப்பன் ஒரு யோசனை சொன்னார். "அவ என்ன வாயசைச்சாலும் கண்ணை மூடிக்கிட்டு ஆட்டு நாச்சிமுத்து. நூத்துல ஒண்ணு, குரல் வர்றதாப் பலிச்சுராதா?"

"மத்தத் தொண்ணூத்தொம்பது என்ன ஆகுமுங்க?"

"அது வந்தாப் பாத்துக்கலாம்டா."

"வந்துதானுங்க இப்பப் பாத்துக்கிட்டிருக்கறேன்" என்றான் நாச்சிமுத்து.

எட்டில் நான்கு தறிகளை அவன் வேறொருவனிடம் ஒப்படைத்தான். எஞ்சிய நேரமெல்லாம் மகளுக்கு எதிரே சம்மணமிட்டு அமர்ந்து அவள் உதட்டைப் பார்த்தான். இருபது ஆண்டுகள் உதடு படித்தவன்தான். ஆனால் நூல், பாவு, டீ, சம்பளம், கரண்டு என்ற சொற்களையே படித்துப் பழகியவன். இந்த உதட்டிலோ அடுத்து யானை வருமா, அடுப்புக்கரி வருமா என்று ஊகிக்க வழியில்லை. முதல் வாரம் அவனுக்குப் பிடிபட்டது "அப்பா" ஒன்றுதான். இரண்டாம் வாரம் "ஏன்" பிடிபட்டது. அந்த ஒரு சொல்லை அவள் இத்தனை முறை சொல்கிறாளா என்று அவன் திகைத்தான். பிடிபடாதபோது அவன் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொள்வான். அவள் அலுத்துப்போய் எழுந்து ஓடுவாள். அவனும் எழுந்து பின்னால் போவான். அந்தப் பிள்ளையின் மேலுதட்டில் ஒரு சின்ன மச்சம் இருப்பதை அப்போதுதான் பார்த்தான். எப்போதிருந்து இருக்கிறது என்று மரகதத்தைக் கேட்டான். "பொறந்ததுல இருந்து" என்றாள் அவள்.

வைகாசி முடியும் தறுவாயில், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள் வந்தது. ஊர் முழுவதும் தறிகள் நின்றன. காகம் கரைவது கேட்டது. யாரோ பாத்திரம் தேய்ப்பது கேட்டது. நாச்சிமுத்து மகளைத் தூக்கிக்கொண்டு குடோனுக்குள் போய், நின்றுபோன ஆறாவது தறிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான். மரகதம் வாசலில் நின்றாள்.

"கண்ணு, அன்னிக்கு இங்க நின்னு அப்பாகிட்ட என்ன கேட்டே?"

சஷ்டிகா உதட்டை அசைத்தாள். அவன் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினான். மறுபடி சொன்னாள். நான்காம் முறை அவனுக்கு முழுவதும் கிடைத்தது. கிடைத்ததை, மனைவிக்காக, ஒவ்வொரு சொல்லாக அவன் வாய்விட்டுச் சொன்னான்.

"தறிக்குப் பேசத் தெரியலைப்பா. கத்தத்தான் தெரியுது. பாவமா இருக்குது. என்ற பேச்சைக் குடுத்துரட்டுமான்னு கேட்டேன். நீ சரின்னயே."

மரகதம் வாயைப் பொத்திக்கொண்டாள். பாருங்கள், ஊரே சபித்துக்கொண்டும் சம்பாதித்துக்கொண்டும் இருந்த அந்த இரும்பின்மேல், பரிவு கொள்ள ஐந்து வயதில் ஒருத்தி இருந்திருக்கிறாள். அந்தப் பரிவைக் கேட்டிருந்தால், வேண்டாம் கண்ணு, உன் பேச்சு எனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை.

சஷ்டிகாவின் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. நாச்சிமுத்து குனிந்து பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் மாறியது.

"என்னங்க? என்ன சொல்றா?"

அவன் மகளை மறுபடி சொல்லச் சொன்னான். தவறில்லை என்று தெரிந்த பிறகே குரலெடுத்தான்.

"இப்பத் தறிக்குப் பேச்சு வந்துருச்சு. ஆனாக் காது இல்லையாம். தான் பேசறது தனக்கே கேக்காம அழுவுதாம். காது குடுத்தா, பேச்சைத் திருப்பிக் குடுத்துருமாம்." அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். "உன்ற காதைக் குடுத்துரேன்ப்பா. உனக்குத்தான் அது வேண்டியதில்லையேங்கறா."

அதில் வன்மம் இல்லை. வீட்டில் சும்மா கிடக்கிற ஒரு பொருளைக் கேட்பதுபோல்தான் அவள் கேட்டாள். காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, முகத்தைச் சாய்த்து, பதிலுக்காக நின்றாள்.

"வேண்டாமுங்க" என்று மரகதம் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தாள். "என்றதை எடுத்துக்கச் சொல்லுங்க. நான் ஆட்டறேன். கண்ணு, அம்மாளைக் கேளு சாமி, அம்மாளைக் கேளு."

"கேட்டது என்னையத்தான் மரகதம்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"இத்தனை வருசத்துல, என்ன கேட்டாள்னு தெரிஞ்சு நான் ஆட்டறது இது ஒண்ணுதான்."

அவன் சற்று நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். வெளியே காகம் கரைந்தது. எங்கோ ஒரு சைக்கிள் மணி. மனைவி மூக்கை உறிஞ்சும் ஓசை. அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டான். பிறகு கண்ணைத் திறந்து, மகளின் முகத்தை நேராகப் பார்த்து, மெதுவாக, மேலும் கீழுமாக ஒரு முறை தலையாட்டினான்.

மின்சாரம் மூன்று மணிக்கு வந்தது. ஆயிரம் தறிகள் ஒரே நொடியில் உயிர்பெற்றதை, அவன் காலடியில் தரை நடுங்கியதைக் கொண்டு அறிந்தான். சஷ்டிகாவின் வாய் திறந்தது. அதே நொடியில் மரகதம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்ததையும், அழுகையும் சிரிப்புமாக அவள் தோள்கள் குலுங்கியதையும் அவன் கண்டான். தன் மகளின் குரல் வந்துவிட்டதை அவன் இப்படி மனைவியின் தோள்களில்தான் தெரிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு அவன் தறி ஓட்டவில்லை. தறியின் தாளம் பிசகுவது கேளாதவனுக்குத் தறி ஆகாது. நூல் மூட்டை இறக்கும் வேலைக்குப் போனான். ஊரில் கழுத்துப்பட்டைகள் தொடர்ந்தன. தலையாட்டல் இன்னும் பலிக்கிறதா, ஓய்ந்துவிட்டதா என்பது தெரியாது, ஏனெனில் எவரும் ஆட்டுவதில்லை. எவரும் கேட்பதும் இல்லை. நாச்சிமுத்துவின் வீட்டில் மட்டும் பிள்ளை பேசத் தொடங்கினால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஒருவன் எதிரே வந்து அமர்கிறான். இதை வாசிக்கிற தந்தையே, தாயே, உங்களுக்குக் காது இருக்கிறது. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

ஆனி மாதம் ஒரு காலை. மரகதம் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். சஷ்டிகா பள்ளிச் சீருடையில், தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து வாசலில் செருப்பை மாட்டித் திரும்பியபோது, மரகதம் கரண்டியைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரிப்பதைக் கண்டான். கண்ணில் நீர் வருமளவுக்கு அப்படி ஒரு சிரிப்பு. அவன் செருப்போடு உள்ளே ஓடிவந்து, மகளுக்கு முன் மண்டியிட்டான்.

"என்ன கண்ணு சொன்னே? அப்பாவுக்கு இன்னொருக்கா சொல்லு."

சஷ்டிகா தோசையை மென்றுகொண்டே யோசித்தாள். விழுங்கிய பிறகு, அவன் படிக்க வசதியாக, ஒவ்வொரு சொல்லாக உதட்டைப் பிரித்துச் சொன்னாள்:

"அது போயிருச்சுப்பா. வேற வந்தாச் சொல்றேன்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தான்.